சிங்கக் காருக்கு அவகாசி

பொள்ளாச்சிச் சந்தையில் மாடு விற்கும்போது ஈஸ்வரமூர்த்தி எந்தக் குறையையும் ஒத்துக்கொண்டதில்லை. கொம்பு கோணல் என்றால் அது ராசி என்பார். கால் தாங்குகிறதே என்றால் லாரியில் நின்று வந்த அசதி என்பார். அப்படிப்பட்டவர், மகனுடைய காரைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து பூபதிராஜா வந்த அன்று, சொன்ன குறைக்கெல்லாம் தலையாட்டினார்.

"பெயின்ட் கொப்புளம் உட்டிருக்குதுங்கண்ணா."

"அந்தப் பக்கம் இன்னும் மோசமுங்க."

"டேஷ்போர்டும் வெடிச்சிருக்குது."

"மழை பேஞ்சா உள்ள ஒழுகும் பாருங்க. பின்னாடி சீட்டுல மனுசன் உக்கார முடியாது. பார்ட்ஸும் கெடைக்காதுங்க."

உள்ளேயிருந்து மனைவி ஜானகியம்மாள் குரல் கொடுத்தாள். "ஏனுங்க, காரை விக்கறீங்களா, வந்தவரைத் தொரத்தறீங்களா?"

பிரான்சு நாட்டுப் பியூஜோ கூபே அது. வயது இருபதைத் தாண்டிவிட்டது. இரண்டே கதவு, தாழ்ந்த கூரை, மூக்கில் ஒரு சிங்கம். எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் இருக்கும் அவர்கள் ஊரான வடகரப்பதியில் அதற்குச் சிங்கக் கார் என்றுதான் பெயர். கஞ்சிக்கோட்டில் எஞ்சினியராக இருந்த மகன் சிவப்பிரகாஷ், கொச்சியில் ஒரு கப்பல்காரரிடம் வாங்கி வந்தான்.

"நாலு பேரு ஏற முடியாத காரு என்னத்துக்குடா? ரெண்டு மூட்டை தேங்காய் ஏத்த முடியுமா இதுல?" என்று அன்று ஈஸ்வரமூர்த்தி கேட்டார்.

"நீங்க ஏறுனாப் போதுமுங்கப்பா."

ஏறினார். ஞாயிறுதோறும் வேலந்தாவளம் வரை போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். டிராக்டர் தவிர எதையும் ஓட்டத் தெரியாத ஈஸ்வரமூர்த்திக்கு, தரையோடு தரையாகத் தென்னைகளுக்கு நடுவே போகிற அந்தச் சவாரி பிடித்துப்போயிற்று. வெளியே சொன்னதில்லை.

மாசியில் மகனுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பாலக்காட்டு ஆஸ்பத்திரியிலிருந்து அவன் நடந்து திரும்பவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

விற்கச் சொன்னது ஜானகியம்மாள்தான். "வெளிய வந்தாப் பையன் ஊட்டுக்கு வந்துட்ட மாதிரியே இருக்குதுங்க. எத்தனை தடவை ஏமாறுறது?" அவருக்கோ அதே காரணத்துக்காகத்தான் அது அங்கேயே நிற்க வேண்டியிருந்தது. மனைவி தண்ணீர் மோட்டார் போடப் போகும் பொழுதில் காரின் இடப்பக்கக் கதவைத் திறந்து, தன் இடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார்.

பூபதிராஜா நியாயமான விலைதான் சொன்னார். "உடைச்சு விக்கறதுக்கு இல்லீங்கண்ணா. ஓட்டத்தான் வாங்கறன்." மறுக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

"பேப்பரெல்லாம் பையன் பேருல இருக்குதுங்க," என்றார் ஈஸ்வரமூர்த்தி. "இனி அவகாசம் வாங்கோணும்."

கேரளத்து ஆபீசுகளில் அவகாசம் என்றால் வாரிசுரிமை. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரருக்கு அது வேறு வார்த்தை.

"அதையெல்லாம் எங்கிட்டக் கேக்கோணுமாங்கண்ணா?" பூபதிராஜா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "எவ்வளவு அவகாசம் வேணுமோ எடுத்துக்கங்க. காரு எங்கியும் போயராது."

ஈஸ்வரமூர்த்தி திருத்தவில்லை. மகன் போனதிலிருந்து எல்லோரும் மனசைத் தேற்றிக்கொள்ளத்தான் சொல்லியிருந்தார்கள். நேரம் எடுத்துக்கொள்ளச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

வில்லேஜ் ஆபீசில் மனுவைப் பார்த்த கிளார்க், "அம்மயாணு அவகாசி. அச்சனல்ல," என்றார். கல்யாணமாகாத மகனுடைய சொத்துக்கு முதல் உரிமை தாய்க்குத்தான் என்று விளக்கினார். அச்சனல்ல, அப்பன் இல்லை என்ற சொல்லோடு ஈஸ்வரமூர்த்தி பஸ் ஏறி வீடு வந்தார்.

சர்ட்டிபிக்கேட் கைக்கு வரும்வரை சாயங்காலங்களில் அந்த இடப்பக்கச் சீட்டு அவருக்குக் கிடைத்தது. பிறகு ஆர்.சி. புத்தகத்தில் ஜானகியம்மாள் பெயர் ஏறியது. பூபதிராஜா மறுபடியும் வந்தார், புது பேட்டரியோடு.

கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் ஜானகியம்மாளின் பேனா நின்றது. "வேண்டாமுன்னா இப்பவே சொல்லிப்போடுங்க. போடல நானு."

ஈஸ்வரமூர்த்தி மனைவியைப் பார்த்தார். இந்த மாதங்களில் வாசலுக்கு வரும்போதெல்லாம் திடுக்கிட்டு நிற்கிற முகம். "போடு புள்ள," என்றார்.

போட்டுவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். பூபதிராஜா சாவியைத் திருகினார். இரண்டு முறை இருமி, மூன்றாவதில் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மாசிக்குப் பிறகு அந்தச் சத்தம் அன்றுதான் கேட்டது.

ஜானகியம்மாள் முந்தானையில் கையைத் துடைத்தபடி வேகமாக வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேரே போய் கேட்டின் இரண்டு கதவையும் விரியத் திறந்து ஓரமாக நின்றாள். கால்வாய் வளைவில் இந்தச் சத்தம் கேட்டதும் தினமும் செய்துவந்த வேலை. காரின் மூக்கு வெளியே பார்த்து நிற்பதை அதற்குப் பிறகுதான் கண்டாள். கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

கார் அவளைக் கடந்து, மண் ரோட்டில் மெல்ல இறங்கிப் போயிற்று. சத்தம் கால்வாய்க்கு அப்பால் ஓய்ந்தது. ஈஸ்வரமூர்த்தி பக்கத்தில் வந்து நின்றார்.

"சாத்தட்டுமா?"

"இருக்கட்டுங்க," என்றாள். "கொஞ்ச நேரம் இருக்கட்டும்."