தேதி சொல்லிப் பாடிய ஒரு வரி

நோயின் முதல் அறிகுறியை நான் ஒரு பொத்தானை அழுத்தி அழித்தேன். பிறகு ஏழு மாதங்கள் சளைக்காமல் அழித்துக்கொண்டே இருந்தேன்.

குரல் கம்மியிருப்பவர்களுக்காக, முக்கியமாக "தண்ணி மாறியிருக்கும்" என்று தமக்குத் தாமே சான்றிதழ் வழங்கிக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படியொன்றை வழங்கிக்கொண்டவள். சார்பதிவாளராக இருந்து ஓய்வுபெற்றவள் என்பதால் முத்திரை பலமாகவே விழுந்திருந்தது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு ஹார்ப் வாங்கினேன். தோளில் சாய்த்து இரு கைகளாலும் மீட்டும் வாத்தியம். என்னுடையது சிறியது, முப்பத்து நான்கு நரம்புகள். மதுரை திருநகரில் எங்கள் தெருவுக்கு அது வீணை. எதிர்வீட்டுத் தமிழாசிரியருக்கு மட்டும் யாழ். இரு தரப்பையும் திருத்துவதை நிறுத்திவிட்டேன்.

பின்னறையில் ஒரு மைக், ஒரு கணினி, எதிரொலியைத் தடுக்கச் சுவரோடு நிறுத்திய பழைய இலவம்பஞ்சு மெத்தை. நானே வாசித்து, நானே பாடி, நானே ஒலி சேர்த்து இணையத்தில் வெளியிடுகிறேன். தாலாட்டு, நடவுப் பாட்டு மெட்டுகளை மிக மெதுவாக்கி, அடியில் ஊரின் இரைச்சலை நீளமாக ஓடவிடுவது என் பாணி. மாட்டுத்தாவணிப் பூச்சந்தையின் காலை முழக்கம் ஒரு பாட்டில் உண்டு. கப்பலூரில் என் கணவர் நடத்தும் சிறிய ரப்பர் பட்டறையின் கம்ப்ரஸர் மூன்று பாட்டுகளுக்குச் சுருதி பிடிக்கிறது. கேட்பவர்கள் கொஞ்சம் பேர். கேட்டால் நன்றாகத் தூக்கம் வருகிறது என்று எழுதுகிறார்கள். பாராட்டாகவே எடுத்துக்கொள்கிறேன்.

என்னிடம் ஒரு பழைய பழக்கம். தேதியும் இடமும் இல்லாத எதையும் நான் பதிவாகவே கருதுவதில்லை. ஆகவே ஒவ்வொரு நாளும் மைக்கைத் திறந்ததும் தேதி, மணி, திருநகர் என்று சொல்வேன். பிறகு ஒலியின் அளவைச் சரிபார்க்க ஒரே ஒரு தாலாட்டு வரியை ஒரே சுருதியில் பாடுவேன். அந்த வரி எந்தப் பாட்டிலும் வராது. ஆனாலும் கோப்பில் இருக்கும்.

சென்ற ஆண்டு ஒரு மதியம், ஹெட்போனில் என் குரலுக்குப் பின்னால் காற்று இரைவது கேட்டது. மின்விசிறியை நிறுத்தினேன். வயரை மாற்றினேன். மெத்தையை இடம் மாற்றினேன். மைக் கம்பெனிக்கு இணைப்புகளோடு ஒரு புகார்க் கடிதம் அனுப்பினேன். மறுபேச்சில்லாமல் வேறு மைக் அனுப்பினார்கள். அதிலும் காற்று இரைந்தது. இரண்டு மைக்குகளுக்கும் ஒரே பழுது என்று முடிவு செய்தேன். இரண்டுக்கும் முன்னால் இருந்தது ஒரே தொண்டை என்பது நினைவுக்கு வரவில்லை.

இரைச்சலை நீக்கும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. எது வேண்டாத சத்தம் என்று ஒருமுறை காட்டிவிட்டால் போதும், பாட்டு முழுவதிலிருந்தும் அதைத் துடைத்துவிடும். நான் துடைத்தேன். வெளியான பாட்டுகளில் என் குரல் பளிங்கு போல இருந்தது.

கணவர்தான் முதலில் கேட்டார். "போன்ல பேசுனா கேஸ் கம்பெனிக்காரன் ஒன்னைய 'சார்'ங்கிறான். அதுவும் மைக் கோளாறா?"

காது மூக்குத் தொண்டை மருத்துவர் என் மகள் வயதுப் பெண். மூக்கு வழியே எண்டோஸ்கோப் (நுனியில் கேமரா உள்ள மெல்லிய குழாய்) விட்டுத் திரையைக் காட்டினார். இரண்டு குரல்நாண்கள் திறந்து மூடின. இடது நாணில் அரிசி நொய் அளவுக்கு ஒரு வெள்ளைப் படிவு. லூகோபிளாக்கியா (சவ்வு தடித்து வெளுத்துப்போதல், பெரும்பாலும் தீங்கற்றது, சிலருக்குப் புற்றுநோயின் முன்னோடி) என்றார். எத்தனை நாளாகக் குரல் இப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ரெண்டு மாசம்" என்றேன். உறுதியாக, ஒரு சாட்சியைப் போல.

வயிற்று அமிலம் தொண்டைக்கு ஏறாமலிருக்க மாத்திரை, சத்தமாகப் பேசத் தடை, ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பது என்று முடிவானது. எனக்குத் திருப்தி. என் ஏழு பாட்டுத் தொகுப்பில் ஒன்றுதான் பாக்கி. இருப்பதிலேயே உயரமான சுருதியில் போகும் பாட்டு. மாத்திரையில் குரல் தேறியதும் முடித்துவிடலாம்.

அதற்காகப் பழைய கோப்புகளைத் திறந்தபோதுதான் மாட்டிக்கொண்டேன். மென்பொருள் தொடாத அந்தச் சோதனை வரிகளைத் தேதிவாரியாக ஓடவிட்டேன். அதே வரி, அதே சுருதி, மாதாமாதம். பின்னோக்கி ஏழு மாத வரிகளிலும் காற்று இரைந்தது. அதற்கு முந்தைய வரி சுத்தமாக இருந்தது.

மருத்துவரிடம் நான் சொன்னது தவறான தகவல். இதைச் சொன்னால் ஆறு வாரம் காத்திருக்க மாட்டார், அறுவைக்கு அனுப்புவார் என்று புரிந்தது. அதன் பிறகு அந்த உயரச் சுருதி எனக்கு இருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சோற்றுத் தட்டின் முன் கணவரிடம் சொன்னேன்.

அவர் சாப்பிடுவதை நிறுத்தவில்லை. "ஆபீஸ்ல அம்புட்டுப் பேரு வில்லங்கத்தையும் தோண்டி எடுத்தவ. ஒன்னோடத மட்டும் மூடி வைப்பியாக்கும்?"

"ஒரு பாட்டுத்தாங்க பாக்கி."

"பாட்டு எங்கயும் போயிராது. நீ வாரியா, இல்ல நானே போயிச் சொல்லிட்டு வரவா?"

பதிவுத் துறையில் பிழைத்திருத்தல் பத்திரம் என்று ஒன்று உண்டு. முன்பு எழுதியதில் தவறு இருந்தால், தவறு இன்னது, சரி இன்னது என்று எழுதிக் கையொப்பமிடுவது. வெள்ளைத்தாளில் அப்படியொன்று எழுதி, மாதத்துக்கு ஒன்றாக ஏழு வரிகளை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொண்டுபோனேன். மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"டேட் எல்லாம் நீங்களே சொல்லியிருக்கீங்களே."

"பழக்கம் டாக்டர்."

"நல்ல பழக்கம். இனி வெயிட் பண்ண வேணாம்மா. எடுத்து டெஸ்டுக்கு அனுப்பிருவோம்."

ஒரு வாரம் அவகாசம் கேட்டேன், அந்தப் பாட்டுக்காக. பாடவே கூடாது என்றார். பிறகு குரல் எப்படி இருக்கும் என்று கேட்டேன். "பேச்சு நல்லா வந்துரும். மேல் ஸ்தாயி வருமான்னு நான் வாக்குக் குடுக்க முடியாது." வாக்குக் கொடுக்காதவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. அன்று அது கொஞ்சம் குறைவாக இருந்தது.

மைக்ரோலாரிங்கோஸ்கோபி (முழு மயக்கத்தில், வாய் வழியே குழாய் வைத்து, நுண்ணோக்கி கொண்டு குரல்நாணில் செய்யும் சிறு அறுவை) அரை மணி நேர வேலை. ஒப்புதல் படிவத்தை முழுவதும் படித்து, காலியாக விட்டிருந்த மூன்று இடங்களையும் நிரப்பிய பிறகே கையெழுத்திட்டேன். "டீச்சராம்மா?" என்றார் செவிலியர். அதைவிட மோசம் என்றேன். அந்தக் குரலில் நான் பேசிய கடைசி வாக்கியம் அது. வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒரு வாரம் முழு மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது, அது நாண்களை இன்னும் கசக்குமாம். ஒரு நோட்டில் எழுதிக் காட்டினேன். "சாம்பாரில் உப்பு இல்லை. உரிய நடவடிக்கை எடுக்கவும்." கணவர் படித்துவிட்டு, "கோப்பு பரிசீலனையில இருக்கு" என்று வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு பட்டறைக்குப் போனார். நாற்பது வருட மணவாழ்வில் அவர் பெற்ற முதல் விடுமுறை.

நான் ஹார்ப்புக்குச் சுருதி சேர்த்தேன். மதுரை வெயிலில் நரம்புகள் ஒருநாள் சும்மா விட்டாலும் இறங்கிவிடும். முப்பத்து நான்கையும் ஏற்ற அரை மணி ஆகும். பாடமுடியாதவளுக்குச் சுருதி எதற்கு என்று இரண்டாம் நாள் தோன்றியது. ஆனாலும் சேர்த்தேன். பயாப்ஸி (வெட்டியெடுத்த திசுவை ஆய்வகத்தில் பார்த்தல்) முடிவு வரும்வரை என்னால் செய்து முடிக்கக்கூடிய காரியம் அது ஒன்றுதான்.

எட்டாம் நாள் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தோம். கணவர் ஏற்கெனவே படித்த செய்தித்தாளை மறுபடி படித்தார். உள்ளே போனதும் மருத்துவர் அறிக்கையைக் கையில் எடுக்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"கேன்சர் இல்லம்மா."

லேசான டிஸ்பிளேசியா (செல்கள் இயல்பான ஒழுங்கிலிருந்து சற்று மாறியிருத்தல்) இருந்திருக்கிறது. முழுமையாக எடுத்தாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். இன்னும் காத்திருந்தால் என்று நான் நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதை எழுத வேண்டாம் என்று கையால் மறித்தார். கணவர் செய்தித்தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனவர் திரும்பி வரச் சற்று நேரமானது.

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் முனகச் சொன்னார். எனக்குள்ளிருந்து யாரோ தயக்கத்தோடு முனகினார்கள். இரண்டு மாதத்தில் பேச்சு திரும்பியது. கேஸ் கம்பெனிக்காரர் மறுபடி "மேடம்" என்கிறார். மேல் ஸ்தாயியில் மூன்று சுரங்கள் திரும்பவில்லை. அந்தக் கடைசிப் பாட்டைச் சுருதி இறக்கி, ஹார்ப்பையும் முதலிலிருந்து வாசித்துப் பதிவு செய்தேன். கணினியில் பழைய சுரங்களை உருவாக்கித் தர ஒரு பொத்தான் இருக்கிறது. இந்த முறை எந்தப் பொத்தான் பக்கமும் போகவில்லை.

மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாக என்று கேட்டால், யோசித்துச் சொல்லுங்கள்.

இப்போது என் ஆண்டுக்கு நான்கு மாதங்கள்தான், பரிசோதனை உள்ளவை. இடைப்பட்டவை தேதி போட்டும் போடாமலும் கடந்துபோகின்றன. முன்பு தொண்டை என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. இப்போது தேதி, மணி, திருநகர் என்று சொல்லிவிட்டு, பாடுவதற்கு முன் ஒரு மூச்சு அங்கே போய்வருவதைக் கவனிக்கிறேன். வடு இருக்கும் இடத்தில் லேசாக உரசிக்கொண்டு போகிறது.

அந்த உரசல் கடைசிப் பாட்டில் கேட்கிறது. பாட்டின் பின்னால் வரும் காற்று மிக அழகாக இருக்கிறது, எங்கே பதிவு செய்தீர்கள் என்று முகம் தெரியாத ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார்.

திருநகர் என்று பதில் எழுதி, தேதியும் போட்டேன்.