எல்லை தாண்டி வந்த மாமா

1. வரக்கூடாத மாமா டோர்ட்மண்டுக்கு ரயிலேறி வந்தார்.
2. எல்லோரும் வேஷம் போடும் கர்னவல் ஊர்வலத்துக்கு என்னைக் கூட்டிப்போனார்.
3. ஒரு போலீஸ்காரர் என்னைப் பார்த்துக் கையைத் தூக்கச் சொன்னார்.
4. தூக்கியது நான் அல்ல.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் நாட்டுப் போருக்குத் தப்பி வந்து, ஹனோவருக்கு அருகே அகதி முகாமில் இருந்தார். விண்ணப்பத்துக்கு முடிவு வரும்வரை அந்த மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். பிடிபட்டால் கேஸ் பழுதாகிவிடும் என்று அம்மா பயந்தார். மாமாவோ வரும்போதெல்லாம், வாசலில் சப்பாத்தைக் கழற்றுமுன்பே, பழைய அமெரிக்கக் கொள்ளைக்காரன் ஒருவனின் கதையைத் தொடங்கிவிடுவார்.

அவன் தனக்கு ஊருக்கொரு பெயர் வைத்திருந்தானாம். மணிக்கட்டு அவ்வளவு ஒல்லியாம், கைவிலங்கிலிருந்து கையை உருவிக்கொண்டு சிறையிலிருந்து தப்பினானாம். ஷெரீப் என்ற ஊர்ப் போலீஸ் அதிகாரி இருட்டறையில் சுட்டதில் அவன் செத்தான் என்றார்கள். இல்லை, எங்கோ கிழவனாக வாழ்ந்தான் என்றும் சொன்னார்கள். நான் என் மணிக்கட்டை அளந்து பார்த்துக்கொள்வேன்.

"ஆத்தைத் தாண்டினா அங்கால வேற ஷெரீப். பிறகு அவனைத் தொட ஏலாது," என்றார் மாமா.

"ஆக்களைச் சுட்டவனெல்லே? பிள்ளைக்குச் சொல்ல வேற கதை கிடைக்கேல்லையோ?" என்றார் அம்மா.

"ஓம் அக்கா, கெட்டவன்தான். ஆனா ஓடத் தெரிஞ்சவன்."

ஆகவே கர்னவலுக்கு நான் அவனாகவே போனேன். அகலத் தொப்பி, கழுத்தில் சிவப்புத் துணி, இடுப்பில் பிளாஸ்டிக் துப்பாக்கி. ஊர்வல வண்டிகளிலிருந்து இனிப்புகள் மழையாக விழுந்தன. மாமா பொறுக்கிப் பொறுக்கித் தன் ஜாக்கெட் பையை நிரப்பினார். அப்போதுதான் அந்தப் போலீஸ்காரர் குனிந்து, விரலைத் துப்பாக்கிபோல் நீட்டி, "கையைத் தூக்கு!" என்று ஜெர்மனில் சொன்னார்.

நான் என் துப்பாக்கியை உருவினேன். அவர் இப்போது என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். திரும்பினேன். மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களை விரித்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் சிரித்தார். எனக்கொரு மிட்டாய் தந்துவிட்டுப் போனார்.

"மாமா, அவர் போயிட்டார். கையை இறக்குங்கோ."

"உண்மையாவோ?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஊர்வலத்தில் எத்தனையோ பேர் வேஷம் போட்டிருந்தார்கள். ஒருவருக்கும் இப்படி நடிக்க வரவில்லை. வீட்டில் அம்மாவுக்கு அதைச் செய்தும் காட்டினேன். அம்மா சிரிக்கவில்லை.

விரல்களை விரிக்க வேண்டும், கண்களைத் தாழ்த்த வேண்டும் என்பதை மாமா எந்த ஊர்ச் சோதனைச் சாவடியில் பழகினார் என்று கேட்க எனக்கு அப்போது தெரியவில்லை.

இப்போது மாமாவிடம் ஜெர்மன் கடவுச்சீட்டு இருக்கிறது. ஹனோவரில் ஒரு பேக்கரியில் வேலை செய்கிறார். நினைத்தபோதெல்லாம் டோர்ட்மண்டுக்கு வருகிறார். கர்னவல் நாட்களில் மட்டும் வருவதில்லை.