தண்ணீர் ஊற்றும்வரை

என் கணவர் தாம்பரம் மார்க்கெட் பக்கம் தையல்கடை வைத்திருந்தார். தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுவந்தார். அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில் அவருக்கு அம்மை போட்டது. அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது என்று மாத்திரைகளை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அம்மை இறங்கும் நேரத்தில் அவருடைய வலது முழங்கை வலித்தது.

"கை வுட்டுப்போற மாதிரி வலிக்குது. டாக்டராண்ட போலாம் வா."

"ஆத்தா வூட்ல கீறப்போ வாசல் தாண்டக் கூடாதுங்க. தண்ணி ஊத்தினதும் போலாம்."

மறுபடியும் கெஞ்சினார். நான் அசையவில்லை. வேப்பிலைக் கொத்தால் அந்தக் கையைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று காபி டம்ளரை நீட்டினேன். அவரால் பிடிக்க முடியவில்லை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் மடங்கியே நின்றன.

"அம்மை மாதிரி காய்ச்சல் வந்தா தொழுநோய் சீறிக்கிட்டு வரும்மா, நரம்பு வீங்கிடும். வலிச்சப்பவே வந்திருந்தா கையக் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் கணவர் திட்டுவார் என்று நினைத்தேன். "நீ இன்னா பண்ணுவ, பயந்துட்ட" என்றார். அதற்குப் பிறகு அவர் கத்தரிக்கோலைத் தொடவில்லை.

சில வருடம் கழித்து மகனுக்கு அம்மை போட்டது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, அன்றே அவனை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஆத்தா கோபித்துக்கொள்ளவே இல்லை.