கவினுக்குத் தெரிந்த ஒரே கன்னடம்

எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில், ஊழியர்களுக்கு வண்டி அனுப்பும் கேப் டெஸ்க்கில் ராதா உட்கார்ந்திருக்கிறாள் என்றால் டிரைவர்கள் வாலைச் சுருட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். "அண்ணா, சிக்னல்ல நிக்கறேன்னு சொல்லிட்டு டீ குடிக்காதீங்க, வண்டி எங்க நிக்குதுன்னு எனக்குத் தெரியுது!" என்று தமிழிலும் கன்னடத்திலும் கிழி கிழியென்று கிழிப்பாள். குடியாத்தத்திலிருந்து வந்து ஆனேக்கல்லில் வீடு பிடித்தவள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு, கல்யாணப் பேச்சையெல்லாம் ஓரங்கட்டிவிட்டுத் தம்பி கவினை வளர்த்தவள். அப்படிப்பட்ட வாய்க்காரி, கோர்ட் வராந்தாவில் மட்டும் ஊமையாக நின்றாள்.

கவினை ஊரிலிருந்து அழைத்துவந்த புதிதில், சில ஃபேக்டரிகளில் கேட்டுக் கிடைக்காமல், ஒரு மாலில் ஹவுஸ்கீப்பிங் வேலை வாங்கிக் கொடுத்தாள். அவனுக்குக் கன்னடம் சுத்தமாக வராது. "யாரு என்ன சொன்னாலும் 'ஆய்து சார்'னு சொல்லுடா. சரி, ஆச்சுன்னு அர்த்தம். அது போதும், இந்த ஊர்ல பொழச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொடுத்தாள். அவனும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். சூப்பர்வைசர் திட்டினாலும் ஆய்து, பாராட்டினாலும் ஆய்து. அதைச் சொல்லிச் சொல்லி அக்காவும் தம்பியும் வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறார்கள்.

பிறகு கவினுக்குத் தூக்கம் போயிற்று. டிவிக்குள்ளிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்றான். டாக்டரிடம் அழைத்துப்போக ராதா லீவு சொல்லியிருந்த வாரத்திலேயே, மாலில் இருந்த டிவி கடைக்குள் புகுந்து, உள்ளே மாட்டிக்கொண்டவர்களை வெளியே விடுகிறேன் என்று திரைகளை உடைத்துவிட்டான். தடுக்க வந்த வாட்ச்மேனுக்குக் கையில் நல்ல வெட்டு. போலீஸ், கேஸ், ஜெயில்.

கோர்ட் சொல்லி அவனைப் பரிசோதித்த மனநல டாக்டர் கன்னடத்தில் கேள்வி கேட்டார். இவன் எல்லாவற்றுக்கும் ஆய்து என்றான். 'கேட்பதைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறார், விசாரணையை எதிர்கொள்ளத் தகுதியானவர்' என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. அட, எதற்கெடுத்தாலும் தலையாட்டுகிறவன் என்னதான் புரிந்துகொண்டான் என்று ஒரு வார்த்தை கேட்டால் குறைந்தா போய்விடும்? அடுத்து, குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று கோர்ட் கேட்கும். அதற்கும் ஆய்து என்பான். வைத்தியம் பார்க்க வேண்டிய பிள்ளை தண்டனை வாங்கிக்கொண்டு உள்ளே போவான்.

இலவச சட்ட உதவியில் கிடைத்த வக்கீல் நிருபமா, இதே ஊரில், அல்சூரில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். அவளிடம் சொல்லும்போது ராதா உடைந்துபோனாள். "அந்த வார்த்தைய நான்தான் மேடம் சொல்லிக்குடுத்தேன்."

"பொழைக்கறதுக்குத்தானே சொல்லிக்குடுத்தீங்க? தப்பு கேட்டவங்க மேல. கண்ணைத் தொடைங்க" என்ற நிருபமா, தமிழ் தெரிந்த இன்னொரு மனநல டாக்டர் கவினைப் பார்க்க அனுமதி வாங்கினாள். அவர், இவனால் இப்போது வழக்கை எதிர்கொள்ள முடியாது என்று எழுதினார்.

இரண்டு ரிப்போர்ட்டும் இரண்டு விதமாக இருக்கவே, மாஜிஸ்ட்ரேட் அம்மா நேரில் கேட்டுவிடுவதென்று கவினைக் கூண்டருகே அழைத்தார். கேஸ் என்ன என்று கன்னடத்தில் விளக்கிவிட்டு, புரிந்ததா என்று கேட்கும் விதமாக, "அர்த்த ஆய்தா?" என்றார்.

"ஆய்து மேடம்" என்றான் கவின், பளிச்சென்று.

அரசு வக்கீல் கையை விரித்து, இதற்கு மேல் என்ன வேண்டும் என்பதுபோலப் பார்த்தார். நிருபமா எழுந்து, புரிந்ததா என்று கேட்க வேண்டாம், என்ன புரிந்தது என்று அவர் மொழியிலேயே கேளுங்கள் என்று வேண்டிக்கொண்டாள். மாஜிஸ்ட்ரேட் சற்று யோசித்தார். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "தம்பி, நான் யாரு?" என்றார்.

"பெரிய மேனேஜர் மேடம். நீங்க சொன்னாதான் என்னை வீட்டுக்கு விடுவாங்க."

"அவரு?" அரசு வக்கீலைக் காட்டினார்.

கவின் முகம் மலர்ந்தது. "அவரு எனக்காகப் பேசறவரு. வந்ததுலேர்ந்து எம்பேரத்தான் சொல்லிட்டிருக்காரு. பாவம், தொண்டை வத்திப்போச்சு. அவருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம்."

அரசு வக்கீல் தலையைக் குனிந்துகொண்டார். மாஜிஸ்ட்ரேட் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இனிமேல் இந்தக் கோர்ட்டில் மனநிலை பற்றிச் சந்தேகம் வரும் யாரையும் 'புரிந்ததா' என்று மட்டும் கேட்டு அனுப்பக்கூடாது, அவர்களே சொல்லிக் காட்ட வேண்டும் என்றார். பிறகு ஆர்டரை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ராதாவின் காதில் ஒரு சொல்தான் விழுந்தது. அன்ஃபிட். விசாரணைக்குத் தகுதியில்லாதவன். கேஸை நிறுத்திவைப்பார்கள், கவின் ஆஸ்பத்திரிக்குப் போவான். கூடப்பிறந்தவனை அப்படிச் சொன்னதற்கு சாமிக்கு நன்றி சொன்ன அக்கா உலகத்தில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

வராந்தாவில் போலீஸ்காரர் சற்றே ஒதுங்கி நின்றார். கவின் முகம் செத்துக் கிடந்தது. மாலில் சேருவதற்கு முன்பு வேலை கேட்டுப்போன ஃபேக்டரிகளில், மெடிக்கல் டெஸ்ட் முடிந்ததும் அவனைத் திருப்பி அனுப்பியது அந்த ஒரு சொல்லைச் சொல்லித்தான்.

"அன்ஃபிட்னுட்டாங்களாக்கா?"

ராதா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. பாரம் இறங்கிய அழுகை அது; அவனுக்கு எப்படித் தெரியும்?

கவின் சட்டை நுனியால் அவள் கன்னத்தைத் துடைத்தான். "அழுவாதக்கா. இது போனா போவுது. நான் வேற எடத்துல கேட்டுப் பாக்கறேன்."