நான் கீறிய விறாந்தை

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். அதற்குப் பிறகு சித்திரத்தாளைத் தொட்டதே இல்லை. ஆகவே எங்கள் மாதர் சங்கத்துக்கு ஊர்காவற்றுறையிலிருந்து சித்திர ரீச்சர் வந்து, வீட்டில் நாளாந்தம் பார்க்கிற ஏதாவது ஒன்றை ஆளுக்கொரு படமாகக் கீறித் தரவேண்டும் என்றபோது எதைக் கீறுவதென்றே எனக்குத் தெரியவில்லை. ரீச்சர் பென்சன் எடுத்தபிறகு இறங்குதுறைக்குக் கிட்ட ஒரு பழைய கல்வீட்டை ஓவியக்கூடம் ஆக்கியிருந்தார். தீவு ஆட்கள் கீறியதை எல்லாம் அங்கே மாட்டி, ஒரு கலை இரவு வைக்கப்போகிறாராம்.

இரண்டு மூன்று நாள் யோசித்துவிட்டு நான் இருக்கிற வீட்டின் விறாந்தையைக் கீறினேன். வீடு என்னுடையது இல்லை. புங்குடுதீவில் பல வீடுகள் அப்படித்தான். சொந்தக்காரர் வெளிநாட்டில் இருப்பார்கள். கூட்டிப் பெருக்கி விளக்கு வைக்க எங்களைப் போல ஒரு குடும்பத்தை இருத்தியிருப்பார்கள். எங்களை இருத்தியவர்கள் கனடாவில் இருக்கிற ஓர் அண்ணையும் தங்கச்சியும். பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. பத்து வருடம் கேள்வி இல்லாமல் இருந்தால் வீடு இருக்கிறவருக்கே போய்விடும் என்று தீவெல்லாம் ஒரு கதை உண்டு. அந்தக் கதையால் அங்கே அவர்களுக்குப் பயம். இங்கே எனக்குப் பயம், அவர்கள் பயந்து எங்களை வீட்டைவிட்டு எழுப்பிவிடுவார்கள் என்று.

ஏதாவது விடுபட்டால் பிழையாகிவிடும் என்று தூண்களையும் படிகளையும் எண்ணி எண்ணிக் கீறினேன். தூணில் கட்டியிருந்த ஆட்டையும் விடவில்லை. வாசலுக்கு மேலே இருந்த படத்தையும், அதற்குப் போட்ட மாலையையும் அப்படியே கீறினேன்.

அது என்னைக் கட்டின மனிசனின் படம். அந்த ஆணியில் இருந்திருக்க வேண்டியது சொந்தக்காரரின் தாய் தகப்பனின் படம். ஒரு மாரிமழையில் சுவரில் கறையான் ஏறியதால் அதைக் கழற்றிச் சீலையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன். அடுத்த வருடம் மனிசன் இறந்துபோனார். முப்பத்தோராம் நாள் வரைக்கும் இருக்கட்டும் என்று அவருடைய படத்தை அந்த ஆணியில் கொழுவினேன். பிறகு கழற்றக் கை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை கனடாவிலிருந்து போனில் முகம் பார்த்துக் கதைப்பார்கள். அதற்கு முன்னம் ஸ்ரூலில் ஏறிப் படத்தை மாற்றுவேன். கதைத்து முடிந்ததும் திரும்ப மாற்றுவேன். இவ்வளவு பயந்தவளுக்குக் கீறும்போது அது யோசனையில் வரவே இல்லை.

கலை இரவன்று பின்னேரம் சங்கத்து ஆட்களோடு வான் வண்டியில் போய் இறங்கினோம். கூடத்தில் சனம். என் படத்துக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். எங்கள் ஊர் மீன்காரர், அந்த ஆடு நிற்கிற நிலை கச்சேரிக் கந்தோரில் பெரியவர்களுக்கு முன்னால் நிற்கிற ஊர் விதானையார் மாதிரியே இருக்கிறது என்றார். சிரிப்பு எழும்பியது. நானும் சிரித்தேன். அப்போதுதான் வாசலில் அந்தக் கனடாத் தங்கச்சியைக் கண்டேன். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

கோயில் திருவிழாவுக்கு வந்து சுருவில் ஊரில் தன் உறவுக்காரர் வீட்டில் நிற்கிறார் என்று தெரியும். வெள்ளிக்கிழமைதான் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் படத்தை மாற்றிவிடலாம் என்று இருந்தேன். இங்கே வருவார் என்று யார் கண்டது?

ரீச்சரிடம் ஓடிப்போய் என் படத்தைக் கழற்றித் தாங்கோ என்று கேட்டேன். நான் வெட்கத்தில் கேட்கிறேன் என்று அவர் நினைத்தார்.

"கூச்சப்படாதையும். உம்மட படத்தைத்தான் எல்லாரும் பாக்கினம்."

அதுதானே என் கரைச்சல். நான் போய்ச் சேர அக்கா படத்துக்கு முன்னால் நின்றார். தூண்களை விரலால் தொடாமல் எண்ணினார். முகத்தில் சந்தோசம். பிறகு விரல் மேலே போய் வாசலுக்கு நேரே நின்றது.

"இது ஆர்?"

மனதால் கீறியது, உள்ளதில்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. சீலைத் தலைப்பைப் பிடித்தபடி, "என்ர மனிசன் அக்கா" என்றேன்.

"அப்பா அம்மான்ர படம்?"

"அலுமாரிக்குள்ள கவனமாக் கிடக்குது. கறையான் ஏறினது."

"நாங்கள் ஞாயிற்றுக்கிழமையிலை பாக்கிறனாங்களே."

"நீங்கள் போன் எடுக்க முந்தி மாத்துறனான்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். காலையில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அங்கே ரீச்சர் கொடுத்த தேத்தண்ணியை நான் ஒரு மிடறுகூடக் குடிக்கவில்லை.

காலையில் ஓட்டோவில் வந்து இறங்கினார். அதற்குள் நான் படத்தை மாற்றி, மனிசனின் படத்தை அறைக்குள் கொண்டுபோய் வைத்திருந்தேன். அக்கா தாய் தகப்பனைக் கும்பிட்டார். பிறகு அறைக்குள் போய் என் மனிசனையும் கும்பிட்டார். எனக்கு அழுகை வந்தது. எல்லாம் சரிவந்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கதிரையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார்.

"அண்ணைக்கு இரவே சொல்லிப்போட்டன். அவர் இப்பிடி ஒண்டு எழுதி வாங்கச் சொன்னவர். குறை நினையாதையும்."

அவரே வாசித்துக் காட்டினார். இந்த வீடு என்னுடையது இல்லை, காவலுக்குத்தான் இருக்கிறேன், கேட்டவுடன் எழும்பிவிடுவேன். நான் ஒருநாளும் மறுத்துச் சொல்லாதவைதான். எழுத்தில் கேட்கும்போது களவெடுத்துப் பிடிபட்டவள் மாதிரி இருந்தது. பேனையை அழுத்திப் பிடித்து என் பெயரை எழுதினேன். கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே போய்விட்டது. அதையும் பரவாயில்லை என்றார்.

எவ்வளவு காலத்துக்கு இருக்கலாம் என்று அந்தக் கடதாசியில் இல்லை. கேட்கத்தான் வாயைத் திறந்தேன். கேட்டால் நினைவு வந்து ஒரு திகதியைப் போட்டுவிடுவார் என்று பயந்து, தேத்தண்ணி குடிக்கிறீங்களோ என்று மட்டும் கேட்டேன். ஓம் என்றார்.