சித்தி ஹாஜராவின் ஐந்து நாடாக்கள்

காலை பதினொன்று இருபதுக்கு ஹைக்கல் அழைத்தான். பள்ளி அலுவலகத்தில் படிவங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன்.

“துளசிக்கா, உம்மா போய்ட்டாங்க. சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் அடக்கம். உம்மா எடுத்து வெச்ச சாமான்லாம் அலமாரில சரியா இருக்குல்ல?”

சரியாக இல்லை. அவன் அம்மாவுக்கு அடுத்து அது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் எங்கள் அடுக்குமாடியின் எட்டாவது மாடியில் சித்தி ஹாஜராவும் நானும் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தோம். சித்தி என்பது உறவு இல்லை, அவர் பெயரே அதுதான். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக்கடையில் அவர் வெங்காயம் உரித்தார். விரல் நுனிகளில் அந்த வாசனை ஞாயிற்றுக்கிழமையும் போகாது. வட்டாரத்தில் ஒரு முஸ்லிம் பெண் இறந்தால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். உடலைக் குளிப்பாட்டி, கஃபன் என்னும் வெள்ளைத் துணியில் பொதிந்து, நாடாக்களால் கட்டி அனுப்பிவைப்பார். அதற்கு எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார்.

உயிர் போன பிறகுதான் துணி எங்கே, கத்தரிக்கோல் எங்கே என்று வீட்டுக்காரர்கள் அலைவதை அவர் நிறையப் பார்த்திருந்தார். “எனக்காக யாரும் ஓடக் கூடாது” என்பார். உம்ரா யாத்திரை போனபோது மக்காவில் தன் கஃபன் துணியை வாங்கி, ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொண்டுவந்தார். அதன் ஓரத்திலேயே ஐந்து நாடாக்களையும் கிழித்து, எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு வைத்திருந்தார்.

இந்தப் பை விஷயமெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதுவரை எனக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய தக்காளிச் செடிகள்.

வராந்தாவில் இரண்டு பழைய பெயிண்ட் வாளிகளில் குட்டித் தக்காளி வைத்திருந்தார். பினாங்கு வெயிலில் பத்துப் பூவுக்கு இரண்டு காய் நின்றாலே பெரிது. எட்டாவது மாடியில் கடல்காற்று வேறு, கட்டாவிட்டால் செடி சாய்ந்துவிடும். முதலில் சந்தையில் பொட்டலம் கட்டும் ராஃபியா கயிற்றால் கட்டினார். காற்றில் ஆடி ஆடி அது தண்டை அறுத்தது. ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து ஒரு வாரத்தில் தெறித்தது. ரொட்டிப் பாக்கெட்டின் கம்பி துருப்பிடித்தது. கடைசியில் ஹைக்கலின் கிழிந்த பனியன்களுக்கு வந்து சேர்ந்தார். விரல் அகலத்துக்குக் கிழித்து, தண்டுக்கும் குச்சிக்கும் நடுவே குறுக்கே மாற்றிச் சுற்றி, முடிச்சைக் குச்சியின் பக்கம் போடுவார்.

“கடைல பச்ச நாடா விக்கிதுக்கா, வாங்கியாரவா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“காசு குடுத்து நாடா வாங்கி நாலு தக்காளி பறிக்கவா? பணக்கார டத்தோ வீட்டுச் செடின்னு நெனச்சியா?” என்று சிரித்தார். “பழந்துணிதான்லா மெத்துன்னு இருக்கும். கட்டுனதுக்குள்ள ஒரு வெரல் போவணும். தண்டு தடிக்கும்ல.”

சென்ற மாதம் இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் படுத்தார். அங்கிருந்து எனக்கு அழைத்தார். “துளசி, செடி சாஞ்சிருக்கும். அலமாரி கீழ்த்தட்டுல துணிப்பை இருக்கு, எடுத்துக் கட்டி வுட்டுரு.”

கீழ்த்தட்டில் இரண்டு பைகள் இருந்தன. முன்னால் இருந்ததைத் திறந்தேன். நேராகக் கிழித்த, மெத்தென்ற வெள்ளை நாடாக்கள். அடியில் மடித்திருந்த துணியை நான் பிரித்துப் பார்க்கவில்லை. அன்று காற்று பலமாக இருந்ததால் ஐந்து நாடாவையும் ஐந்து இடத்தில் இறுக்கிக் கட்டினேன்.

வீடு திரும்பிய அன்று அவர் வராந்தாவில் வெகுநேரம் நின்றார். முகம் வெளுத்திருந்தது. பிறகு சிரித்தார்.

“அடிப் பாவி, என் கஃபன் நாடாவுலயா கட்டுன? செடிய கபர்க்குழில எறக்கப் போறியா?”

முன்னால் இருந்தது கஃபன் பை என்று அப்போதுதான் சொன்னார். உடனே அவிழ்க்கப் போனேன்.

“இப்பத் தொடாத, பூ உதுந்துரும். காய் பழுக்கட்டும். அவுத்து, தொவச்சி, இஸ்திரி போட்டுக் குடு. மூணு வாரம்தான்லா. அதுக்குள்ள நான் எங்க போயிரப் போறேன்?”

அன்றிலிருந்து பதின்மூன்றாம் நாள் ஹைக்கல் அழைத்தான்.

கிராப் டாக்சி பிடித்து வந்து, கைப்பையைக்கூட இறக்காமல் வாளிகளின் முன் உட்கார்ந்தேன். மழையில் நனைந்து முடிச்சுகள் கல்லாகியிருந்தன. நகம் கொடுத்து நான்கை அவிழ்த்தேன். ஐந்தாவது, மூன்று காய்கள் தொங்கிய கிளையின் அடியில் இருந்தது. தண்டு தடித்து நாடாவைத் தனக்குள் வாங்கியிருந்தது. நாடாவை வெட்டினால் அது எதற்கும் ஆகாது. தண்டை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தேன். வெட்ட முடியவில்லை.

ஹாஜராவோடு கூட நின்று குளிப்பாட்டும் சலேஹா துணிப்பையோடு வீட்டுக்குள்ளிருந்து வந்தார். “பையில நாடாவக் காணோம். நீ பாத்தியா?”

கையில் இருந்ததை நீட்டினேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு நாடாவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தக்காளிச் செடியின் பச்சை ஏறியிருந்தது.

“இது ஆகாதுலா, துளசி. மண்ணு, உரம் எல்லாம் பட்டுருக்கு.” கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கீழே கத்தினார். “ஹைக்கல்! வெள்ளத் துணி வாங்கிட்டு வா தம்பி, சீக்கிரம்!”

எட்டு மாடிக்குக் கீழே ஹைக்கல் மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு ஓடினான். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஓடியது மேலிருந்தே தெரிந்தது.

“குழியில வெச்சதும் நாடாவ அவுத்துரத்தான் போறாங்க,” என்று சலேஹா என் தோளைத் தொட்டார். “வுடு.”

மக்காத் துணியில் பொதிந்து, கடைத் துணியில் கிழித்த நாடாக்களால் கட்டி, சித்தி ஹாஜராவைக் கொண்டுபோனார்கள்.

அது நடந்து ஆறு நாளாகிறது. நான்கு நாடாக்களைத் துவைத்து இஸ்திரி போட்டுவிட்டேன். காய்கள் மூன்றும் சிவந்துவிட்டன. ஐந்தாவது நாடா இன்னும் செடியில் இருக்கிறது.