சைதாப்பேட்டைக்கு ஒரு சக்கரம்

எங்கள் தொழிலில் இயந்திரம் தவறு செய்வது அபூர்வம். பெரிய சங்கடமே அதுதான், பழி போட வேறு ஆளைத் தேட வேண்டியிருக்கிறது.

இன்று, இந்த எழுபதுகளில், கம்ப்யூட்டருக்கு அசெம்பிளி மொழியில் பத்து வரி எழுதி, இரண்டு எண்களைக் கூட்டச் சொன்னால் வேறு எதையோ கொண்டுவந்து காட்டுகிறதே என்று தலையில் கைவைத்து உட்காரும் இளைஞர்களை எனக்குத் தெரியும். என் ஆபீஸிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஐம்பத்தைந்து வயதில் நானும் அவர்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். அந்த மொழியெல்லாம் வருவதற்கு முன்பு, நாற்பதுகளின் நடுவில், மயிலாப்பூரில் நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் அவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.

அப்போது யுத்த காலம். அரிசிக்கு ரேஷன் வந்திருந்தது. எந்தக் கடையில் எத்தனை பேர் அரிசி வாங்குகிறார்கள் என்று எண்ணிச் சொல்ல லஸ் பக்கம் ஒரு பழைய பங்களாவில் ஆபீஸ் திறந்து, பீரோ உயரத்துக்கு ஒரு கணக்கு இயந்திரத்தை இறக்கினார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அட்டை. கடை எண், பெரியவர் எத்தனை, சிறுவர் எத்தனை, எல்லாமே அந்த அட்டையில் துளைகள்தான். இயந்திரம் துளைகளைப் படித்து, கடைவாரியாகக் கூட்டி, தாளில் அச்சடித்துக் கொடுக்கும். அந்தத் தாளைப் பார்த்துத்தான் கடைக்கு அரிசி மூட்டை போகும்.

நூறு கம்பி, ஒரு பூஜ்யம்

இன்றைய புரோகிராமுக்குப் பதிலாக அன்று எங்களிடம் இருந்தது ஒரு பலகை. அதில் வரிசை வரிசையாகத் துளைகள். அட்டையின் இந்த இடத்தில் படித்ததை இந்த எண் சக்கரத்தில் கூட்டு என்று சொல்ல, ஒரு துளையிலிருந்து இன்னொரு துளைக்கு ஒரு கம்பியைச் செருக வேண்டும். கம்பிதான் கட்டளை. எனக்குக் கொடுத்த முதல் வேலை, இருபது அட்டைகளில் உள்ள ஆட்களைக் கூட்டுவது. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. இரண்டு நாள் கம்பி செருகினேன். பலகையை இயந்திரத்தில் மாட்டி, சுவிட்சைப் போட்டேன். தடதடவென்று இருபது அட்டையும் ஓடி முடிந்தது. தாளில் பூஜ்யம் விழுந்தது.

மறுபடியும் ஓட்டினேன். மறுபடியும் பூஜ்யம். கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக்கொண்டே போனதில், கூட்டு என்று கட்டளையிடும் ஒரே ஒரு கம்பி பக்கத்துத் துளையில் உட்கார்ந்திருந்தது தெரிந்தது. இயந்திரம் எல்லா அட்டையையும் ஒழுங்காகப் படித்திருக்கிறது; கூட்டு என்று யாரும் சொல்லாததால் கூட்டவில்லை. பூஜ்யம் விழுந்த தாளை எடுத்துப் பார்த்த எங்கள் அட்டெண்டர் கோவிந்து சொன்னார்: "இம்மாங் கம்பி சொருகி ஒண்ணுமில்லன்னு சொல்ல வெச்சிக்கினு கீறியே சார், அதுக்கு நான் போதாதா?"

ஒரு கடை, மூன்று இடம்

கூட்டுவதற்கு முன் அட்டைகளைக் கடை எண்படி அடுக்க வேண்டும். அதற்கு வேறொரு இயந்திரம். அது ஒரு தடவைக்கு ஒரே ஓர் இலக்கத்தைத்தான் பார்த்துப் பிரிக்கும். எல்லோரும் செய்வதுபோல நானும் முதலில் நூறு, பிறகு பத்து என்று போனேன்; ஒன்றாம் இலக்கம்தானே, கொஞ்சம் கலந்திருந்தால் என்ன என்று அதை விட்டுவிட்டேன். சரியான முறை தலைகீழ். கடைசி இலக்கத்தில் ஆரம்பித்து முதலுக்கு வர வேண்டும். ஏன் என்று இப்போதும் யாராவது கேட்டால், சீட்டுக்கட்டை எடுத்து மேஜையில் போட்டுக் காட்டுகிறேன். வாயால் விளக்க எனக்கு வரவில்லை.

கடை எண் மாறினால் இதுவரை உள்ள கூட்டுத்தொகையை அச்சடித்துவிட்டுப் புதிதாக ஆரம்பி என்பது கட்டளை. என் அடுக்கில் கடை எண் மாறிக்கொண்டே இருந்தது. இயந்திரமும் அச்சடித்துக்கொண்டே இருந்தது. பதினான்காம் நம்பர் கடை தாளின் தலையில் ஒரு தரம், நடுவில் ஒரு தரம், காலில் ஒரு தரம் வந்தது. சூப்பரின்டென்டென்ட் வைத்தியநாதன் மயிலாப்பூர்க்காரர். மூக்குக்கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு தாளைப் படித்தார். "ஏகாம்பரம், இந்தக் கடைக்காரன் என்ன ஓய், மூணு ஆத்துல சாப்பிட்டுண்டிருக்கானா?"

அட்டையைப் படிக்கிறவர்

அட்டைகளில் துளை போடுகிறவர் காதர். ராயப்பேட்டையில் மூன்று தலைமுறையாகப் புத்தகம் பைண்டு செய்யும் குடும்பம். என் வயதுதான். நான் அவரைப் பாய் என்பேன், அவர் என்னை நைனா என்பார். ஐப்பசி மழையில் அட்டைகள் ஈரம் குடித்து உப்பி, இயந்திரத்தின் வாயில் சிக்கிக் கிழிந்தபோது வழி கண்டுபிடித்தவர் அவர்தான். பைண்டிங் கடையில் செய்வதுபோல அட்டைகளை இரண்டு பலகைக்கு நடுவே வைத்து இறுக்கி, பீரோவுக்குள் பல்பு எரியவிட்டுக் காயவைத்தார்.

அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, நாம் பேப்பர் படிப்பதுபோல அவர் துளைகளைப் படிப்பார். 'மந்தைவெளி, பெரியவர் நாலு, சிறுவர் ரெண்டு' என்பார். சரியாக இருக்கும். அவர் போட்ட அட்டைகளை இன்னொருவர் சரிபார்ப்பது வழக்கம். வாரத்துக்கு ஒன்று திரும்பினால் அதிகம். அப்படித் திரும்பிய ஓர் அட்டையை நான் சிரித்துக்கொண்டே அவரிடம் நீட்டியபோது அவர் சிரிக்கவில்லை. வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என் கையால ஒரு ஓட்டை தப்பா வுழுந்துச்சின்னா, அன்னைக்கு எனக்கு சோறு எறங்காது நைனா."

மூணு போதுமா

பலகை வேலை எனக்குக் கைவந்தது. பெரியவர்களுக்கு நான்கு சக்கரம், சிறுவர்களுக்கு நான்கு சக்கரம். ஓர் இலக்கத்துக்கு ஒரு சக்கரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தபோது, ஒவ்வொரு கடையிலும் எத்தனை குடும்பம் என்றும் அச்சில் வரவேண்டும் என்றார் வைத்தியநாதன். குடும்பத்துக்கு மூன்று சக்கரம் வேண்டும். இயந்திரத்தில் மிச்சம் இருந்ததோ இரண்டு. யோசித்து, சிறுவர் கணக்கிலிருந்து ஒரு சக்கரத்தைப் பிடுங்கினேன். அந்த யோசனை வந்த சந்தோஷத்தில் சத்தமாகவே சொன்னேன் போலிருக்கிறது. "மூணு போதுமா நைனா?" என்று காதர் தன் இடத்திலிருந்தே கேட்டார். "மூணே அதிகம் பாய். ஒரு கடைக்கு எங்கேயாவது ஆயிரம் பிள்ளைகள் இருக்குமா?" என்றேன்.

சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு கடைகளின் அட்டைகளை ஓட்டி, கையாலும் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் பொருந்தின. அந்தப் பக்கத்துக் கடைகளில் சிறுவர் ஐந்நூறைத் தாண்டவில்லை. சைதாப்பேட்டை அட்டைகளை அதுவரை ஒரு தடவையும் ஓட்டியதில்லை. கையருகில் இருந்த அட்டைகளை எடுத்தேன், எனக்குத் தெரிந்த தெருக்களை எடுத்தேன். வைத்தியநாதன் என் தோளில் தட்டினார். "பேஷ்! இனிமே கையால கூட்டிப் பாத்துண்டிருக்க வேண்டாம். மிஷினுக்குத் தெரியாததா நம்ம கைக்குத் தெரியப்போறது?"

யார் முழுங்கினது

அடுத்த வாரம் வியாழக்கிழமை ஒரு பெண்பிள்ளை வந்தாள். பெயர் கன்னியம்மா. சைதாப்பேட்டையிலிருந்து நடந்தே வந்திருந்தாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ரேஷன் கார்டு. அந்தக் கடையில் செவ்வாய்க்கிழமையே அரிசி தீர்ந்துவிட்டது, வரிசையில் பாதிப்பேர் பையை மடித்துக்கொண்டு திரும்பினார்கள், கேட்டால் மயிலாப்பூரிலிருந்து இவ்வளவுதான் வந்தது என்கிறான் கடைக்காரன் என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை. மூன்று நாளாக மரவள்ளிக்கிழங்கு என்று மட்டும் சொன்னாள்.

வைத்தியநாதன் தாளை எடுத்துக் காட்டினார். பெரியவர் இரண்டாயிரத்துச் சொச்சம், சிறுவர் நூற்றுப் பன்னிரண்டு. கண் உள்ளவன் எவனுக்கும் அங்கேயே உறைத்திருக்க வேண்டும்: இரண்டாயிரம் பெரியவர்கள் இருக்கிற இடத்தில் நூறு பிள்ளைகள்தானா? தாளை இயந்திரத்திலிருந்து கிழித்தெடுத்தவன் நான். கையெழுத்துப் போட்டவர் அவர். எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அவள், எண்ணை வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "நூத்திப் பன்னெண்டா? எங்க தெருவுலயே அம்மாங் கீதுங்க. மீதிப் புள்ளைங்கள இன்னா, ஒங்க மிசினு முழுங்கிடுச்சா?"

வட்டமான தப்பு

இயந்திரம் முழுங்காது என்பதில் வைத்தியநாதனுக்குச் சந்தேகமே இல்லை. சோதித்துப் பார்த்த இயந்திரம். அப்படியென்றால் அட்டை தப்பு. அட்டை தப்பென்றால் காதர். வெள்ளிக்கிழமை காலை மெமோ போட்டார். திங்கட்கிழமைக்குள் தக்க காரணம் எழுதித் தராவிட்டால் வேலை இல்லை. எங்கள் வேலை எல்லாமே தற்காலிகம், ஒரு வரி எழுதினால் போதும். காதர் அந்தக் கடையின் அட்டைகளை எல்லாம் மேஜையில் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் கையால் எண்ண ஆரம்பித்தார். சனிக்கிழமை மத்தியானம் முடித்தார்.

எனக்கு எப்போது தெரிந்தது? இந்தக் கேள்வியை முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கன்னியம்மா பேசியபோதே ஏதோ இடித்தது. ஆனால் என்ன என்று தேட நான் பலகையிடம் போகவில்லை. போயிருந்தால் ஒரு நிமிஷ வேலை. மூன்று சக்கரமும் ஒன்பதில் நிற்கும்போது இன்னொரு பிள்ளை வந்தால் மூன்றும் பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்த ஆயிரத்தை வாங்கிக்கொள்ள நான்காவது சக்கரம் இல்லை. மணி அடிக்காது, நிற்காது, அடுத்த அட்டையைப் படிக்கப் போய்விடும்.

காதர் தன் எண்ணிக்கையை ஒரு துண்டுத் தாளில் எழுதி என் முன்னால் வைத்தார். ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு. அதற்குக் கீழே அச்சில் வந்த நூற்றுப் பன்னிரண்டையும் எழுதிக் கழித்திருந்தார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சரியா ஆயிரம் நைனா. மனுசன் கை தப்பு பண்ணா இப்டி வட்டமாவா வரும்?"

திங்கட்கிழமை

நான் அன்று பதில் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுதும் தியாகராய நகரில் வீட்டுக்குள் இருந்தேன். திங்கட்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, குடும்பக் கணக்கை எடுத்துவிட்டு, சிறுவர்களுக்கு நான்காவது சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து, சைதாப்பேட்டை அட்டைகளை ஓட்டினேன். 1112 என்று பளிச்சென்று விழுந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து ஓர் எண்ணைப் பார்த்து எனக்கு அவ்வளவு பயம் வந்ததில்லை. வைத்தியநாதன் வந்து தாளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. காதர் ராவோடு ராவாக அட்டைகளைத் திருத்திவிட்டான், போகட்டும், எச்சரிக்கையோடு விட்டுவிடலாம் என்றார். அங்கேயே முடிந்திருக்கும். காதருக்கு வேலை இருக்கும், எனக்குப் பலகை இருக்கும். அவர் பெயரில் ஒரு தப்பு மட்டும் எழுதியிருக்கும். "அட்டையில் தப்பு இல்லை சார், பலகையில். நான் போட்ட கம்பி" என்றேன். வைத்தியநாதன் கதவைச் சாத்திவிட்டு வந்தார். மிஷின் பிழையில்லாதது என்று போன வாரம்தான் மேலே எழுதி அனுப்பியிருந்தார். "நீர் சொல்லலேன்னா யாருக்கு ஓய் தெரியும்?"

காதருக்குத் தெரியும். நான் வாயைத் திறந்தது நேர்மையாலா, அவருக்குத் தெரிந்துவிட்டது என்கிற பயத்தாலா என்பதை இன்றுவரை என்னால் பிரிக்க முடியவில்லை. எழுத்திலேயே கொடுத்தேன். அன்று மத்தியானம் சைதாப்பேட்டைக்கு மூட்டைகள் போயின. காதரின் மெமோ வாபஸ் ஆனது. பலகையை என்னிடமிருந்து எடுத்து அவரிடம் கொடுத்தார்கள். ஆறு மாதம் நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்து அட்டையில் துளை போட்டேன், வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு திரும்பி வந்தது.

முதல் நாள் அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு, என் கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். எல்லாவற்றையும் பிடுங்கி முடித்த பிறகு தலை நிமிராமலே சொன்னார்: "இனிமே நான் கம்பி போடுறேன், மூணு போதுமான்னு நீ கேளு நைனா. கேட்டா நான் பதில் சொல்ற ஆளு."

இப்போதும் அசெம்பிளியில் ஓர் எண்ணுக்கு இடம் ஒதுக்கும்போது வேண்டியதைக் கணக்குப் போட்டு எழுதிவிட்டு அதற்கு மேல் வெறுமனே ஓர் இடம் விடுகிறேன், இது எதற்கு சார் வீணாக என்று கேட்கும் பையன்களிடம் அது சைதாப்பேட்டைக்கு என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன்.